வழியைத் துண்டாடாதீர்!

சிங்கப்பூரின் தென்கரையை ஒட்டிய தஞ்சோங் பகாரில் தொடங்கி வடகரையில் உள்ள உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு நடைவழி கிடக்கின்றது. மலாயா இரயில் ஓடிய பழைய தடம் அது. தண்டவாளம் போய்விட்டது, தடம் இருக்கின்றது. இருமருங்கும் மரமும் புல்லும் செழித்து, மாநகரின் நடுவே நாட்டுப்புறத்தின் அமைதியைக் காத்து நிற்கும் அவ்வழியை ‘ரயில் காரிடார்’ என்று அந்நாட்டார் வழங்குகின்றனர். இத்துணை நீண்ட வழி கையெட்டும் தொலைவில் இருக்க, அதில் அழகானதொரு சிறு துண்டை மட்டும் கண்டுவிட்டு, “இருப்புப்பாதையை நடந்து பார்த்தோம்” என்று பெருமிதத்தோடு திரும்பும் வழக்கம் ஆசிரியரிடையேயும் மாணவரிடையேயும் வேரூன்றி வருகின்றது. இவ்வழக்கம் தவறானது. சோம்பலால் மட்டும் விளைந்த தவறாயின் மன்னித்துவிடலாம். கல்வி என்றால் என்ன என்பதைப் பற்றிய பிழையான கருத்திலிருந்து விளைந்த தவறு இது. ஆதலின் கண்டிக்கத் தக்கது.

அத்துண்டு எது? புக்கிட் தீமாவின் பழைய நிலையத்திற்கும் ஹில்வியூவுக்கும் இடைப்பட்ட பகுதி. நீளம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். அதன் அழகில் குறை காண்பார் எவரும் இலர். 1932-ஆம் ஆண்டின் சிறிய செங்கல் நிலையம், சாலைகளுக்கு மேலே கருநிற எலும்புக்கூடுபோல் நிற்கும் இரண்டு இரும்புப் பாலங்கள், 163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமாக் குன்றின் அடிவாரக் காடு, கிளைவிட்டுக் கிளை தாவும் குரங்குகள் ஆகிய அனைத்தும் அங்கே ஒருங்கே அமைந்துள்ளன. அழகை வெறுப்பவன் ஆசிரியனாக இருக்கத் தகுதியற்றவன். ஆகவே, அத்துண்டைக் காண்பது குற்றமன்று. அத்துண்டையே வழி என்று கொள்வதுதான் குற்றம்.

பள்ளிச் சுற்றுலாக்கள் பல நடைபெறும் முறையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். பேருந்து பாலத்தருகே நிற்கின்றது. மாணவர் இறங்கி, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். ஆசிரியர் பலகையில் உள்ள ஆண்டுகளை உரக்கப் படிக்கின்றார். கொண்டுவந்த நாசி லெமாக் பொட்டலங்கள் பிரிக்கப்படுகின்றன. ஒரு மணி நேரத்தில் பேருந்து திரும்புகின்றது. அடுத்த மாதம் பள்ளி இதழில், “இருப்புப்பாதையின் வரலாற்றை அறிந்தோம்” என்று ஒரு கட்டுரை வெளிவருகின்றது. எதனை அறிந்தனர்? பாலம் என்பது இருபுறங்களை இணைப்பது. எங்கிருந்து எங்கே செல்லும் வழியின் பாலம் அது என்று அறியாமல் கண்டவன் இரும்பைக் கண்டானேயன்றிப் பாலத்தைக் காணவில்லை.

இருப்புப்பாதை மலாயாவில் ஒரே நாளில் முளைத்ததன்று. 1885-இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஏறக்குறைய 13 கிலோமீட்டரில் தொடங்கியது அதன் வரலாறு. ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்வதே அன்றைய நோக்கம். பின்னர் இரப்பரும் சேர்ந்துகொண்டது. சிங்கப்பூர்த் தீவில் 1903-இல் டேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை வண்டி ஓடத் தொடங்கியது. 1909-இல் ஜொகூர் மாநிலத்து இருப்புப்பாதை நிறைவுற்றது. ஆயினும் நீரிணை இடையே நின்றது. 1923-இல் பாலக்கரைமீது சரக்கு வண்டிகள் ஓடின. 1924-இல் அக்கரை முறைப்படி திறக்கப்பட்டது. 1932-இல் தஞ்சோங் பகார் நிலையம் எழுந்தது. டேங்க் ரோட்டுப் பழைய தடம் கைவிடப்பட்டு, தெற்கே புதிய தடம் வகுக்கப்பட்டது.

இவ்வாண்டுகளை மனப்பாடம் செய்வது எளிது. ஆனால், அவை மண்ணில் எங்கே எழுதப்பட்டுள்ளன என்பதை நடந்தவனே அறிவான். இன்றுள்ள 24 கிலோமீட்டரின் வடபகுதி பெரும்பாலும் 1903-இன் தடத்தை ஒட்டியது. தென்பகுதி 1932-இல் பிறந்தது. ஒரே வழியில் இரண்டு தலைமுறைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் 4 கிலோமீட்டரை மட்டும் பார்த்துத் திரும்பிய மாணவனுக்கு இந்த உண்மை எவ்வாறு விளங்கும்? அவனுக்கு 1903-உம் 1932-உம் தேர்வுத் தாளில் நிரப்ப வேண்டிய இரண்டு எண்கள், அவ்வளவே.

தமிழர்க்கு இவ்வழியின்மீது தனியானதோர் உரிமையும் உண்டு. காடு வெட்டி, மேடு கரைத்து, பள்ளம் நிரப்பி, சரளைக்கல் பரப்பி, சிலிப்பர்க் கட்டைகளைச் சுமந்து தண்டவாளம் பதித்தவர்களிலும், பின்னர் வெயிலிலும் மழையிலும் அதனைப் பேணியவர்களிலும் தமிழ்த் தொழிலாளர் மிகப் பலர். நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர். மலாயா இரயில்வேயின் வரலாற்றிலிருந்து தமிழனை நீக்கிவிட்டால் எஞ்சுவது இரும்பும் நீராவியுந்தான்.

அந்தத் தமிழனின் சுவடு எங்கே இருக்கின்றது? அழகுத் துண்டிற்கு வெளியேதான் பெரிதும் இருக்கின்றது. தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்டுச் சிறிது தொலைவு சென்றால் ஸ்பூனர் சாலை. மலாய் நாட்டு இரயில்வேயின் பொது மேலாளராயிருந்த ஸ்பூனர் என்பாரின் பெயர் அது. இரயில்வே ஊழியர்க்கென எழுப்பப்பட்ட குடியிருப்புகள் அங்கே இருந்தன. மேலும் வடக்கே குவீன்ஸ்வே. தண்டவாளத்தின் ஓரத்தில் 1932-ஆம் ஆண்டளவில் மலாயா இரயில்வேத் தொழிலாளர் முனீஸ்வரனுக்கு ஒரு சிறு குடில் எழுப்பி வழிபட்டனர். அக்குடில் வளர்ந்து கோயிலாகி, இன்று காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயமாக விளங்குகின்றது. ஆயிரக்கணக்கானோர் அங்கே கும்பிடுகின்றனர். அத்தெய்வத்தை முதலில் நாட்டியவன் தண்டவாளம் பேணிய தொழிலாளி என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? அண்மையில் உள்ள டாங்ளின் ஹால்ட் என்னும் ஊர்ப்பெயரும் அங்கே வண்டி நின்று சென்றதன் நினைவே. பெயர் வாயில் இருக்கின்றது, பொருள் மறைந்துவிட்டது.

வடக்கே செல்க. கோம்பாக் டிரைவ், சுவா சூ காங் சாலை, மண்டாய், கிராஞ்சி ஆகிய இடங்களில் சாலையை இருப்புப்பாதை சமதளத்திலேயே கடந்தது. வண்டி வருமுன் கதவை அடைத்து, சென்றபின் திறந்துவிட ஆட்கள் இருந்தனர். இரவும் பகலும் மாறி மாறிக் காத்திருந்த அத்தொழிலாளரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அப்பகுதியில் பாலத்தின் கம்பீரம் இல்லை. காட்டின் குளுமையும் குறைவு. ஒருபுறம் சாலையின் இரைச்சல், மறுபுறம் தொழிற்கூடங்களின் சுவர். ஆகவே அங்கே பேருந்துகள் நிற்பதில்லை. அழகில்லாத இடத்தில் வரலாறும் இல்லை என்று முடிவு கட்டியவர் யார்? வியர்வை சிந்திய இடங்கள் பெரும்பாலும் அழகற்றவையாகவே இருக்கும் என்பதை உழைப்பாளியின் பேரன் மறக்கலாமா?

இவ்வழியில் துயரமும் பயணம் செய்துள்ளது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், இத்தடத்திற்கு அருகே புக்கிட் தீமாவில் உள்ள ஃபோர்டு தொழிற்சாலையில்தான் பிரித்தானியர் சப்பானியரிடம் சரணடைந்தனர். அதன்பின், அரிசி மூட்டை ஏற்றும் இரும்புப் பெட்டிகளில் போர்க்கைதிகள் அடைக்கப்பட்டு, சிங்கப்பூரிலிருந்து சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சயாம் – பர்மா மரண இரயில்பாதை 415 கிலோமீட்டர் நீளமுடையது; 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் தமிழர் பிடித்துச் செல்லப்பட்டனர். அவர்கள் ஏறிய நிலையங்கள் மலாயாவின் வெவ்வேறு ஊர்களில் இருந்தன; ஆயினும் அவர்களைச் சுமந்து சென்றது வடக்கு நோக்கி நீளும் இதே இருப்புப்பாதைத் தொடர்தான். திரும்பாதவர் மிகப் பலர். தெற்கிலிருந்து வடக்கே அடிமேல் அடி வைத்து, அந்தத் திசையையேனும் உணர்ந்து நடக்கும் மாணவனுக்கு மரண இரயில்பாதை வெறும் பாடத் தலைப்பாக இராது.

இனி, இவ்வழி இன்று வழியாக எஞ்சியிருப்பதன் காரணத்தையும் காணல் வேண்டும். 1990-இல் இரு நாடுகளும் இரயில் நிலங்களைக் குறித்து ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன் பொருளைப் பற்றிய கருத்து வேறுபாடு இருபது ஆண்டுகள் நீடித்து, 2010-இல் தீர்வு கண்டது. 2011 ஜூன் 30-ஆம் நாள் இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது; ஜொகூர் சுல்தானே அதனை ஓட்டிச் சென்றார். நிலம் முழுவதும் சிங்கப்பூருக்கு வந்தது. நிலப் பஞ்சம் மிகுந்த அத்தீவில் அதனைக் கூறுபோட்டுக் கட்டடங்களுக்கு ஒதுக்கியிருந்தால் வியப்பில்லை. ஆனால், 2010-இலேயே சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தினர், இத்தடத்தைப் பிளவுபடாத பசுமை வழியாகக் காக்க வேண்டும் என்று அரசுக்கு எழுதினர். பொதுமக்களும் குரல் கொடுத்தனர். அரசும் செவிசாய்த்தது, தொடர்ச்சி காக்கப்பட்டது. அவர்கள் ஒரு பாலத்தை மட்டும் கேட்கவில்லை. ஒரு நிலையத்தை மட்டும் கேட்கவில்லை. முழு வழியையும் கேட்டனர். வழியின் உயிர் அதன் தொடர்ச்சியில் இருக்கின்றது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நிலத்தில் துண்டாடப்படாமல் தப்பிய வழியை மாணவர் மனத்தில் துண்டாடுவது எவ்வகையில் நியாயம்?

துண்டுப் பார்வைக்கு நேர்மாறான வேறொரு நோயும் பரவியுள்ளது. 24 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் கடந்து, கைக்கடிகாரத்தைக் காட்டி, “இத்தனை மணி, இத்தனை நிமிடம்” என்று மார்தட்டும் நோய் அது. உடல் வலிமைக்கு அது நல்ல சான்று, அறிவுக்குச் சான்றன்று. பாலத்தடியில் நின்று படம் பிடித்தவன் வழியைத் துண்டாக்கினான். விரைந்து ஓடியவன் வழியைத் தூரமாக்கினான். இருவருமே கண்டிலர். முன்னவன் நான்கு பக்கங்களைப் படித்துவிட்டு நூலை மூடியவன். பின்னவன் எல்லாப் பக்கங்களையும் புரட்டிவிட்டு ஒரு வரியும் படிக்காதவன்.

நூல் என்ற உவமை தற்செயலாக வந்ததன்று. வழியில் நிகழும் இதே கேடு வகுப்பறையில் நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. ‘ஆற்றுப்படை’ என்பதற்கு வழிப்படுத்துதல் என்பதே பொருள். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் அப்பாட்டு, வழுக்கும் பாறையையும், பாம்பு உறையும் இடத்தையும், பன்றிக்கு வைத்த பொறியையும், உணவும் உறையுளும் கிடைக்கும் ஊர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக உரைக்கின்றது. இடர் நிறைந்த பகுதியை விட்டுவிட்டு விருந்து கிடைக்கும் பகுதியை மட்டும் புலவர் சொல்லவில்லை. ஆனால், மாணவன் கையில் கிடைப்பது என்ன? தேர்வுக்குரிய சில அடிகள், அவற்றின் கருத்துரை, எதிர்பார்க்கப்படும் வினாக்கள். வழிநூலைத் துண்டாகப் படித்துப் பழகிய தலைமுறை, வழியையும் துண்டாகப் பார்ப்பதில் வியப்பென்ன? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். இங்கே ஏட்டிலும் முழுச் சுரைக்காய் இல்லை, ஒரு கீற்றுத்தான் இருக்கின்றது.

ஆயின், முழு வழி நடத்தல் என்றால் ஒரே நாளில் நடத்தல் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. அதற்கும் தமிழிலேயே முன்மாதிரி உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் புகாரிலிருந்து மதுரைக்கு நடக்கின்றனர். நாளொன்றுக்கு ஒரு காவதத்திற்கு மேல் செல்லாமல், இடையிடையே தங்கித் தங்கிச் செல்கின்றனர். காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குரிய மூன்று வழிகளை, அவற்றின் இயல்புகளோடு எடுத்துரைக்கின்றான். சிறுகச் சிறுக நடப்பது இழுக்கன்று. இடையிலே நிறுத்திவிட்டு மதுரையைக் கண்டதாகக் கூறுவதே இழுக்கு.

இக்கருத்தை மறுப்போர் சொல்லும் காரணங்கள் சில. அவற்றையும் நேர்மையோடு ஆராய்தல் வேண்டும்.

“வெயில் கொடியது, மழை எப்பொழுது வரும் என்று சொல்ல இயலாது, பிள்ளைகள் தாங்கமாட்டார்கள்” என்பர். உண்மை. அதனால்தான் கட்டங்களாக வகுத்தல் வேண்டும். 24 கிலோமீட்டரை நான்கு நான்காகப் பிரித்தால் ஆறு கட்டங்கள். ஒரு கட்டத்தை நடக்க, நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்து, இரண்டு மணி நேரம் போதும். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். இடி முழக்கம் கேட்டால் நடையை நிறுத்திக் கூரையடியில் ஒதுங்குதல் வேண்டும். ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி, தொப்பி, மழைச்சட்டை ஆகியவை போதும்.

“தேர்வு இருக்கின்றதே, நேரம் ஏது?” என்பர். ஆண்டிற்கு ஆறு சனிக்கிழமைக் காலைகள். மொத்தம் பன்னிரண்டு மணி நேரம். கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களைத் திரும்பத் திரும்ப எழுதவைப்பதில் கழியும் நேரத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால் விடை தானே விளங்கும். கட்டுரை எழுதத் தெரியவில்லை என்று மாணவனைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர், எழுதுவதற்கு அவனுக்கு எதனைக் காட்டினார் என்று தம்மையே வினவிக்கொள்ளுதல் தகும்.

“தண்டவாளமே இல்லை, பார்க்க என்ன இருக்கின்றது?” என்பர். 2011-க்குப் பின் தண்டவாளத்தின் பெரும்பகுதி அகற்றப்பட்டது உண்மையே. ஆனால், வளைவு இருக்கின்றது, ஏற்றம் இருக்கின்றது, வெட்டிய மேடும் நிரப்பிய பள்ளமும் இருக்கின்றன. நீராவி வண்டி செங்குத்தாக ஏறாது. ஆகவே அத்தடம் எங்கும் மெல்லென ஏறி மெல்லென இறங்கும். அந்தச் சமன்பாட்டை மண்வெட்டியாலும் கூடையாலும் உருவாக்கிய கைகளைக் காலே உணரும், படம் உணர்த்தாது.

“குறுகிய வழிகளே வேண்டாவோ?” என்றும் கேட்கலாம். வேண்டும். சிறு பிள்ளைக்கும் முதியவர்க்கும் உடல்நலம் குன்றியவர்க்கும் புக்கிட் தீமாத் துண்டு ஒரு கொடை. குன்றின்மேல் ஏறும் கிளைவழி உண்டு. 1960-களில் ஜூரோங் தொழிற்பேட்டைக்கு இடப்பட்ட கிளைப்பாதை கிளமெண்டிக் காட்டின் வழியே சென்ற கதையும் உண்டு. கிளைகள் மரத்திற்கு அழகு. ஆனால், அடிமரத்தை அறியாதவன் கிளையில் தொங்குகின்றானே தவிர, மரத்தை அறிந்தவனாகான். குறுவழி நெடுவழிக்கு வாயிலாக இருத்தல் வேண்டும். அதற்கு மாற்றாக ஆகிவிடக் கூடாது.

செய்ய வேண்டுவது தெளிவு. முதற்கட்டத்தில் தஞ்சோங் பகார் நிலையத்தின் முகப்பைக் காணுதல்: வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கினைக் குறிக்கும் பளிங்குச் சிலைகள் அங்கே உள்ளன. ‘இந்நான்கிலும் தமிழரின் பங்கு யாது?’ என்ற ஒரு வினாவே ஒரு பருவத்திற்குரிய கட்டுரைப் பயிற்சியாகும். இரண்டாம் கட்டத்தில் குடியிருப்புகளின் கதை. மூன்றாம் கட்டத்தில் குவீன்ஸ்வேயும் முனீஸ்வரனும். அதன்பின் புவன விஸ்தாவைக் கடந்து புக்கிட் தீமா நிலையம். ஒற்றைத் தடத்தில் இரு வண்டிகள் எதிரெதிரே மோதாமல் காக்க, நிலைய அதிகாரியும் ஓட்டுநரும் ஓர் அடையாளச் சாவியைக் கைமாற்றிக்கொண்ட முறை அங்கே 2011 வரை நிலவியது. அதனை மாணவர் நடித்தே காட்டலாம். பின்னர்ப் பாலங்கள், இறுதியில் வடக்கின் கடவுகள். கட்டுமானப் பணிகளுக்காகச் சில பகுதிகள் மூடப்படுவதுண்டு. புறப்படுமுன் தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்து, மூடிய இடத்தை அடுத்த சாலை வழியே கடத்தல் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மாணவன் குறிப்பெழுத, மற்றொருவன் வரைபடம் தீட்ட, இன்னொருவன் முதியவர் ஒருவரிடம் கேட்டறிந்ததைப் பதிவு செய்ய, ஆறாம் கட்டத்தின் முடிவில் அப்பள்ளிக்கென்று ஒரு நூல் உருவாகிவிடும். அந்நூல் எவரும் விலைக்கு விற்காத வழிநூல். மாணவர் தம் காலால் எழுதிய ஆற்றுப்படை.

சிங்கப்பூருக்கு வர இயலாத மலேசியத் தமிழ்ப்பள்ளிகளும் கவலைகொள்ள வேண்டியதில்லை. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு சென்ற முதற்பாதை இன்று இல்லை. ஆனால், கோலா செப்பத்தாங் என்று பெயர் மாறிய அவ்வூரில், தமிழ் எழுத்தும் பொறித்த பழைய நிலையப் பலகை நினைவுச் சின்னமாக நிற்கின்றது. அவ்வெழுத்து யாருக்காக எழுதப்பட்டது? அங்கே ஏறி இறங்கிய தமிழர்க்காக. அவ்வெழுத்தை வாசிக்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கின்றனர். அவர்களை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர்தாம் வேண்டும். ஊர்தோறும் கைவிடப்பட்ட இரயில் தடமோ, தோட்டச் சாலையோ, ஆற்றங்கரையோ ஒன்று இருக்கும். அதன் தொடக்கத்தையும் முடிவையும் கண்டறிந்து, இடையில் எதனையும் விட்டுவிடாமல் நடத்தலே பாடம்.

முன்னோர் அழகான இடத்தில் மட்டும் தண்டவாளம் பதித்துவிட்டு நிறுத்தவில்லை. சேற்றிலும் பதித்தனர், முள்ளிலும் பதித்தனர், காய்ச்சல் கண்ட காட்டிலும் பதித்தனர். ஓரடி விடுபட்டிருந்தாலும் வண்டி ஓடியிராது. அவர்கள் விடாமல் பதித்த வழியை விடாமல் நடப்பது அவர்க்குச் செலுத்தும் மிகச் சிறிய நன்றி. அந்த நன்றியைக் கற்பிக்காத பள்ளி, ஆண்டுகளைக் கற்பித்து என்ன பயன்? ஆசிரியப் பெருமக்களே, பேருந்தைப் பாலத்தருகே நிறுத்தாதீர். தஞ்சோங் பகாரில் நிறுத்துங்கள். பிள்ளைகள் வடக்கு நோக்கி நடக்கட்டும்.